ஓவியர் ஊர்



‘சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. உடல்நலத்தைப் பேணுக என்று அறிவுறுத்தவே பெரியோர் இதனை எடுத்துச் சொல்வர். ஓவியம் பயிலும் இளைஞருக்கோ இப்பழமொழி நேர்ப்பொருளிலேயே உண்மையாகின்றது. கையில் திறன் இருந்தால் மட்டும் ஒருவன் ஓவியனாகிவிட முடியாது. வரைவதற்கு ஓர் இடம் வேண்டும். வரையும் காலத்தில் வயிற்றுப்பாட்டிற்கு ஒரு வழி வேண்டும். வரைந்ததைப் பார்த்துக் குறைநிறை கூற ஒத்த தோழர் வேண்டும். வரைந்ததைத் தேர்ந்தெடுத்து ஊரார் முன்னர் முறையாக வைப்பார் ஒருவரும் வேண்டும். இடம், உணவு, தோழமை, காட்சி என்னும் இந்நான்கும் கலைஞனுக்குச் சுவர் போன்றவை.

கொங்கு நாட்டுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றியவன் நான். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பிற்கு ஒருவரோ இருவரோ படம் வரைவதில் வல்லவராய் இருப்பர். பள்ளி ஆண்டுவிழாவிற்குத் திரை எழுதுவது முதல் அறிவியல் ஏட்டில் தவளையின் உள்ளுறுப்புகளை வரைவது வரை எல்லாம் அவர்கள் கைவண்ணமே. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்திற்குரிய கீழ்நிலை, மேல்நிலைத் தேர்வுகளிலும் சிலர் தேறுவர். ஆனால் அவர்களுடைய பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: “படம் எழுதினால் சோறு கிடைக்குமா, ஐயா?” இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடுதல் ஆகாது. உழுது பயிரிட்டும், தறி நெய்தும், ஆலையில் உழைத்தும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பத்தாரின் நியாயமான கவலை அது. கலைக்கல்லூரியில் சேர்ந்து தேறியவருள்ளும் சிலர், வெளியே வந்த சில ஆண்டுகளில் தூரிகையைக் கைவிட்டதை நான் அறிவேன். திறமை குறைந்ததனால் அன்று. முன்னர்க் கூறிய நான்கும் கிட்டாமையால்.

இக்கேள்விக்குச் செயலால் விடை கூறிய ஒரு கூட்டத்தாரைப் பற்றியே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். அவர்கள் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் 1966-ஆம் ஆண்டில் ஓர் ஊரையே அமைத்தனர். சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்பது அதன் பெயர். அக்கூட்டத்திற்குத் தலைவராய் நின்ற கே. சி. எஸ். பணிக்கர் நம் கோயம்புத்தூரிலே பிறந்தவர் என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி.

பணிக்கர் 1911-ஆம் ஆண்டில் பிறந்தார். அவர் குடும்பம் மலபாரைச் சேர்ந்தது. இளமையிலேயே நீர்வண்ண ஓவியத்தில் தேர்ச்சி பெற்றிருந்தும், உடனே கலைப்பள்ளியில் சேரும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. தந்தித் துறையிலும் ஆயுள் காப்பீட்டுத் தொழிலிலும் வேலை பார்த்துப் பொருள் ஈட்டினார். பிறகு 1936-ஆம் ஆண்டில், ஏறத்தாழ இருபத்தைந்து வயதில், சென்னை அரசுக் கலைப்பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்தார். படம் எழுதினால் சோறு கிடைக்குமா என்னும் கேள்வியை அவர் தம் வாழ்க்கையிலேயே சந்தித்தவர். பின்னாளில் மாணவர்களின் வயிற்றுப்பாட்டைப் பற்றி அவர் அத்துணை அக்கறை கொண்டதற்கு இஃதும் ஒரு காரணமாகலாம்.

அவர் பயின்ற பள்ளி, 1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்றது. கைத்தொழிற் பயிற்சியே தொடக்கத்தில் அதன் முதன்மை நோக்கம். 1929-ஆம் ஆண்டில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமையை ஏற்றார். சென்னைக் கடற்கரையில் பாறையை நெம்பித் தள்ளும் உழைப்பாளர் சிலையை நீங்கள் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். அதனைச் செய்தவர் அவரே. ஓவியத்தையும் சிற்பத்தையும் தனிக்கலையாய்ப் பயிற்றும் நிலைக்கு அப்பள்ளி உயர்ந்தது அவர் காலத்தில். 1957-ஆம் ஆண்டில் அவருக்குப் பின் பணிக்கர் முதல்வரானார்.

முதல்வர் நாற்காலியில் அமர்ந்த பணிக்கருக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. ஆண்டுதோறும் நல்ல மாணவர்கள் தேறி வெளியேறுகின்றனர். அதன் பிறகு அவர்கள் எங்கே செல்வது? படத்தை விலை கொடுத்து வாங்குவோர் அந்நாளில் சென்னையில் மிகச் சிலரே. பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் வேலை சிலருக்குக் கிடைக்கும். நெசவாளர் சேவை மையம் போன்ற நிறுவனங்களில் துணிகளுக்குக் கோலம் வரையும் பணி வேறு சிலருக்குக் கிடைக்கும். ஓவியர் ரெட்டப்ப நாயுடு அவ்வாறு பணியாற்றியவரே. மற்றையோர் விளம்பரப் பலகை எழுதச் செல்வர். இவையெல்லாம் மதிக்கத்தக்க தொழில்களே. ஆயினும் பகல் முழுதும் பிறருக்காக வரைந்த கை, இரவில் தனக்கென வரைய எழுவதில்லை.

இதற்கு வழி என்ன என்று ஆசிரியரும் மாணவரும் கூடி ஆராய்ந்தனர். கலைஞனுக்குக் கைத்தொழில் ஒன்று துணை நிற்கட்டும். அத்தொழிலையும் கலைஞர்கள் தாமே சேர்ந்து நடத்தட்டும். நாளின் ஒரு பகுதி தொழிலுக்கு, மறுபகுதி தன் கலைக்கு என்று வகுத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தனர். அதற்கெனக் கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்றை நிறுவினர்.

அவர்கள் மேற்கொண்ட தொழில்களுள் தலையாயது பாத்திக் என்பது. ஜாவாத் தீவில் சிறந்து விளங்கிய துணி வண்ணக்கலை இது. திருப்பூரிலும் ஈரோட்டிலும் சாயத்தொழிலை அறிந்த உங்களுக்கு இதன் முறை எளிதில் விளங்கும். வெள்ளைத் துணியில் முதலில் உருவத்தை வரைவர். நிறம் ஏறலாகாத இடங்களில் உருக்கிய மெழுகைப் பூசுவர். பின்னர்த் துணியைச் சாயத்தில் தோய்ப்பர். மெழுகு மூடிய இடம் வெள்ளையாகவே நிற்க, ஏனைய இடங்களில் சாயம் பற்றும். உலர்ந்தபின் அடுத்த நிறத்திற்கென மீண்டும் மெழுகு பூசி மீண்டும் தோய்ப்பர். வெளிர்நிறத்தில் தொடங்கி அடர்நிறத்தில் முடிப்பது வழக்கம். சாயம் சூடாக இருந்தால் மெழுகு உருகிவிடும். ஆதலால் குளிர்ந்த நீரிலே பற்றும் சாயங்களையே பயன்படுத்த வேண்டும். இறுதியில் வெப்பத்தால் மெழுகை நீக்கினால் ஓவியம் வெளிப்படும். மெழுகில் விழுந்த நுண்ணிய வெடிப்புகளின் வழியே சாயம் கசிந்து, இலை நரம்பு போன்ற கோடுகளை உண்டாக்கியிருக்கும். அவற்றை முழுவதும் தன் விருப்பப்படி அமைக்க எவராலும் இயலாது. ஆதலின் ஒரு துணியைப் போல் மற்றொன்று இராது. அதுவே அதன் அழகு.

இளம் ஓவியர்கள் செய்த பாத்திக் துணிகளும், தோல், உலோகம் முதலியவற்றாலான கைவினைப் பொருள்களும் நகர மக்களிடையே நன்கு விலைபோயின. விற்றுவந்த பணத்தில் ஒரு பங்கு சங்கத்தின் பொதுநிதியில் சேர்ந்தது. அந்நிதியைக் கொண்டே ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழப் பத்து ஏக்கர் நிலம் வாங்கப்பெற்றது. வள்ளல் ஒருவரின் கொடையாகவோ அரசின் மானியமாகவோ அன்றித் தம் கையுழைப்பின் பயனாகவே அவர்கள் அந்நிலத்தைப் பெற்றனர் என்பதை நீங்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

அன்று அந்த இடம் மணலும் சவுக்கும் பனையுமாய் இருந்தது. இன்று வண்டிகள் இடையறாது ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலை அந்நாளில் இந்நிலையில் இல்லை. முப்பதுக்கு மேற்பட்ட கலைஞர்கள் அத்திட்டத்தில் சேர்ந்தனர். குடிசையும் சிறு வீடுமாய்த் தத்தமக்கு இயன்றவாறு அமைத்துக்கொண்டனர். சுல்தான் அலி, வாசுதேவ், ஜெயபால் பணிக்கர், ஹரிதாசன், சேனாதிபதி, கோபிநாத், நந்தகோபால், விசுவநாதன், அக்கித்தம் நாராயணன் முதலிய பெயர்கள் அவ்வூரோடு இணைந்தவை. சிற்பி அனிலா ஜேக்கப், ஓவியர் அர்னவாஸ் ஆகிய பெண் கலைஞரும் அக்கூட்டத்தில் இருந்தனர். தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் என்னும் வேற்றுமை அங்கே இல்லை. அதற்கேற்பவே அவ்வூருக்குச் சோழர் கடற்கரையின் பழம்பெயரைச் சூட்டினர்.

அங்கே பாடத்திட்டம் உண்டா, தேர்வு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் இல்லை. அவ்வாறாயின் அதனைப் பயிற்சி என்பது எங்ஙனம்? ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்னும் முறையில் இதற்கு நான் விடை கூறுவேன். கல்லூரி கற்பிப்பது எப்படிச் செய்வது என்பதை. கோடு, வண்ணம், உடலமைப்பு, பொருள்களின் இயல்பு ஆகியவற்றை அங்கே கற்கலாம். எதைச் செய்வது, ஏன் செய்வது என்பதைக் கற்பிக்க வல்லது நீண்ட நாள் உழைப்பும் ஒத்தாரின் கண்ணுமே. பக்கத்து வீட்டு நண்பன் மாலையில் வந்து படத்தின் முன் நின்று, “இது நேற்றைய படத்தின் மறுபதிப்புத்தானே?” என்று கேட்கும்போது ஓவியன் எந்தத் தேர்விலும் கற்காததைக் கற்கின்றான். அவ்வூரில் திறந்தவெளி அரங்கு ஒன்றும் உண்டு. அங்கே நாடகமும் இசையும் கவிதையும் நிகழ்ந்தன. பணிக்கரும் நண்பர்களும் 1944-ஆம் ஆண்டிலேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தை ஏற்படுத்தியிருந்தனர். அதன் சார்பில் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்னும் கலையிதழ் 1961 முதல் வெளிவந்தது. கலைஞர் தம் கலையைப் பற்றி எழுதவும் பழகினர். எழுதும்போதே எண்ணம் தெளிவடையும் என்பதை மாணவர்களாகிய நீங்கள் அறிவீர்கள்.

கைத்தொழிலும் கலையைக் கெடுக்கவில்லை. அதற்கு உரமாகவே அமைந்தது. நந்தகோபால் செம்பும் பித்தளையும் கொண்டு அமைத்த சிற்பங்கள் பெரும்புகழ் பெற்றன. தகட்டை வெட்டுவதும் வளைப்பதும் பற்றவைப்பதும் கைவினைஞர் அறிந்த வேலைகள்; அவையே அவர் சிற்பத்தின் மொழியாயின.

பணிக்கர் தாமும் இக்காலத்தில் ஒரு புதுவழி கண்டார். மாணவன் ஒருவனின் கணக்கு நோட்டுப் பக்கம் தற்செயலாக அவர் கண்ணிற்பட்டது. எண்களும், இயற்கணிதக் குறிகளும், வடிவகணிதக் கோடுகளும் நிறைந்த அப்பக்கம் அவருக்கு ஓர் ஓவியமாகவே தோன்றியது. 1963-ஆம் ஆண்டு முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையில் அவர் வரைந்த படங்களில் மலையாள எழுத்துப் போன்ற வரிகளும், சாதகக் கட்டங்களும், எண்களும் நிறைந்திருக்கும். அவ்வெழுத்துகளைப் படித்துப் பொருள் காண முயன்றால் பொருள் கிட்டாது. ஓலைச்சுவடியையும் சாதகத்தையும் காணும்போது நமக்குத் தோன்றும் உணர்வே அவற்றின் பொருள். மேனாட்டு முறைகளை நன்கு கற்ற ஒருவர், நம் வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கும் ஏட்டிலிருந்தே புதுமையைப் படைத்தார் என்பது கருதத்தக்கது. உங்கள் கணக்கு நோட்டை இனிமேலேனும் வெறுப்போடு நோக்காதீர்கள்!

இனி, நான்காவது தேவையாகிய காட்சியைப் பற்றிக் கூறுவேன். கலைப்பொருள்களை ஆராய்ந்து, தேர்ந்து, ஒன்றோடொன்று உறவு விளங்குமாறு அமைத்து, பார்ப்போர்க்கு விளக்கும் பணியைச் செய்பவரை ஆங்கிலத்தார் ‘கியூரேட்டர்’ என்பர். ‘பேணுதல்’ என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நாம் கலைக்காட்சி அமைப்பாளர் எனலாம். நூலுக்குப் பதிப்பாசிரியர் எத்தகையவரோ அத்தகையவர் கலைக்காட்சிக்கு இவர். சிதறிக் கிடந்த ஏடுகளைத் தேடி, ஒப்பிட்டு, பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் இல்லையேல் நம் பழநூல்களில் பல நமக்குக் கிட்டியிரா. கலையிலும் அத்தகையோர் இல்லையேல் படைப்புகள் பரணில் உறங்கும். சோழமண்டலத்தார் இதனை உணர்ந்து, சென்னைக் கலை இயக்கத்தைச் சார்ந்தோர் படைப்புகளைத் தம் ஊரிலேயே திரட்டி வைத்தனர். அதற்கான தற்காலக் கலை மையம் 2009-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது.

ஓவியரையும் அமைப்பாளரையும் ஒருங்கே பயிற்றும் முயற்சி ஒன்று ஆப்பிரிக்கக் கண்டத்தில் நிகழ்ந்தது. நைஜீரியா நாட்டின் லாகோஸ் நகரில் பிசி சில்வா என்னும் பெண்மணி 2007-ஆம் ஆண்டில் தற்காலக் கலை மையம் ஒன்றைத் தொடங்கினார். அவர் இலண்டனில் காட்சி அமைப்புக் கலையைப் பயின்றவர். தம் நாட்டுக் கலைக்கல்லூரிகளில் பழைய பாடங்களே நடப்பதையும், இளைஞர் ஆராய்ந்து வினவப் பழகாமையையும் கண்டு வருந்தினார். ஆகவே 2010-ஆம் ஆண்டில் ‘அசிக்கோ’ என்னும் பள்ளியைத் தொடங்கினார். யொரூபா மொழியில் அச்சொல்லுக்குக் ‘காலம்’ என்று பொருள்.

அப்பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. லாகோஸில் தொடங்கி, பின்னர்க் கானா நாட்டின் அக்ரா, செனகல் நாட்டின் டாக்கார், மொசாம்பிக்கின் மபூட்டோ, எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா என்று நகர்தோறும் அது சென்றது. பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்ற இளம் கலைஞரும் அமைப்பாளரும் ஏறத்தாழ ஒரு மாதம் கூடி வாழ்ந்தனர். சொற்பொழிவு கேட்டனர்; படித்தனர்; தம் படைப்புகளை ஒருவர் முன் ஒருவர் வைத்து விவாதித்தனர். முடித்த பொருளைவிட முயலும் முறையே அங்கே பெரிதாய்ப் போற்றப்பெற்றது. பிசி சில்வா 2019-ஆம் ஆண்டில் மறைந்தார்.

இவ்விரண்டு முயற்சிகளையும் ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். சோழமண்டலம் ஓரிடத்தில் ஊன்றி நின்றது. அதனால் கலைஞருக்கு நிலமும் வீடும் வாழ்நாள் முழுதும் துணையாயின. ஆனால் பத்து ஏக்கர் நிலத்தில் எத்தனை பேருக்கு இடம் உண்டு? முதலில் வந்தவர் நிலைத்து வாழும்போது, பின்வரும் தலைமுறையினர் அனைவரும் அங்கே குடியேற இயலாது. ஆப்பிரிக்கப் பள்ளியோ நடந்து செல்வது. அதனால் ஒவ்வொரு முறையும் புதியவர்க்கு வாயில் திறந்தது. ஆனால் ஒரு மாதம் முடிந்ததும் இளைஞன் தன் ஊருக்குத் திரும்பித் தன் சோற்றைத் தானே தேட வேண்டும்; நடத்துவோரும் ஒவ்வொரு முறையும் பொருளுதவியை நாட வேண்டும். ஒன்றில் உணவுக்கு வழி உண்டு, வாயில் குறுகியது. மற்றொன்றில் வாயில் அகன்றது, உணவுக்கு வழி இல்லை. இரண்டின் நன்மையையும் இணைக்கும் முறையே இன்று நமக்கு வேண்டியது.

பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் நமக்கு அணித்தாயுள்ள கொச்சியில், 2012 முதல் உலகக் கலைவிழா நடைபெற்று வருகின்றது. அதன் ஒரு பகுதியாக 2014-ஆம் ஆண்டில் மாணவர் கலைவிழாவும் தொடங்கியது. இளம் அமைப்பாளர்கள் நாட்டின் பல கலைக்கல்லூரிகளுக்குச் சென்று, மாணவரோடு பேசி, அவர்கள் படைப்புகளைத் தேர்ந்து காட்சி அமைத்தனர். அதில் அமைப்பாளரும் பயில்கின்றனர், ஓவியரும் பயில்கின்றனர்.

நம் கொங்கு நாட்டின் நிலை யாது? சுவர்கள் பல இங்கே இருக்கின்றன; அவற்றைச் சேர்த்து வைப்பாரே வேண்டும். பேரூர்க் கனகசபையின் தூண்களில் வீரபத்திரரும் பிட்சாடனரும் காளியும் கல்லில் நிற்கின்றனர். உருவம் எழுதப் பழகுவோர்க்கு அதனினும் சிறந்த பள்ளி வேறில்லை. அவினாசிக்கு அருகே திருமுருகன்பூண்டியில் சிற்பிகளின் உளியோசை இன்றும் கேட்கின்றது. அப்பட்டறைகளில் இளைஞர் வேலை செய்துகொண்டே தொழில் கற்கின்றனர். கோவை அவினாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடமும் நெசவு அருங்காட்சியகமும் ஒருங்கே இருக்கின்றன. நூலும் துணியும் சாயமும் வார்ப்பும் இந்நாட்டின் தொழில்கள். சென்னையில் பாத்திக் செய்ததை இங்கே வேறொரு தொழில் செய்யலாகாதா? பின்னலாடைக்குக் கோலம் வரையும் இளைஞர் பதின்மர் சேர்ந்து, மாலையில் தம் கலைக்கென ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுக்கலாகாதா? காந்தியடிகள் 1937-இல் வகுத்த ஆதாரக் கல்வியின் உட்பொருளும் கையும் கருத்தும் ஒன்றாய் வளர வேண்டும் என்பதே.

ஓவியத்தில் நாட்டமுள்ள மாணவர்களுக்கு நான் கூறுவது இது. நாள்தோறும் வரையுங்கள். துணைத்தொழில் ஒன்றைக் கற்றுக்கொள்வதை இழிவாகக் கருதாதீர்கள். உங்களைப் போல் வரையும் இருவர் மூவரைத் தேடிக்கொள்ளுங்கள். அவர்கள் புகழ்ந்தால் மட்டுமன்று, குறை கூறினாலும் கேளுங்கள். வரைய வாராத மாணவர்களுக்கும் இதில் இடம் உண்டு. நண்பனுடைய படங்களுள் சிறந்த பத்தினைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி விளக்கம் எழுதி, பள்ளி மண்டபத்திலோ ஊர்ப்பொது இடத்திலோ வையுங்கள். அன்றே நீங்கள் காட்சி அமைப்பாளராகின்றீர்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். உங்கள் கேள்விக்கு, ஓவியத்தால் மட்டும் எல்லார்க்கும் சோறு கிடைக்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். தனித்து நின்றால் அரிது. கூடி உழைத்தால் இயலும் என்பதை ஈஞ்சம்பாக்கத்து மணலில் சிலர் செய்து காட்டியுள்ளனர். அதற்குத் தலைமை தாங்கியவர் இந்தக் கோவையில் பிறந்தவர். அத்தகைய பிள்ளை ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.